அக்கரைக்காரர்களை வென்ற சனிக்கிழமை

கூடைப்பந்து பார்ப்பதை நான் விட்டு நான்கு வருடம் ஆகிறது. கல்லூரி ஆட்டத்தைச் சொல்லவில்லை, தொழில்முறை ஆட்டத்தைச் சொல்கிறேன். எல்லோரும் தூரத்தில் நின்று எறிகிறார்கள். விழுந்தால் மூன்று புள்ளி, விழாவிட்டால் திரும்பி ஓட வேண்டியது. ஏழடி உயரமுள்ளவன் கூடைக்கு அடியில் போக வெட்கப்படுகிறான். இதில் வாரத்துக்கு ஒரு நாள் ஓய்வு வேறு. முழங்காலுக்கு ஓய்வாம். அப்படி ஒருத்தனைப் பார்க்க நான் எட்டு மணி நேரம் காரோட்டி டென்வருக்குப் போனேன். அவன் கோட்டு சூட்டோடு பெஞ்சில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தான். கோட்டு நல்ல கோட்டுதான்.

பேஸ்பாலும் அதே கதிதான். பந்து எறிகிறவனுக்கு ஐந்து சுற்று முடிந்ததும் கை வலிக்கும் என்று இவர்களே முடிவு செய்து உள்ளே கூட்டிப் போய்விடுகிறார்கள். அவனும் குழந்தை மாதிரி கூடவே போகிறான். முழு ஆட்டத்தையும் ஒருத்தனே எறிந்து முடித்த காலத்தைப் பார்த்தவன் நான்.

முதலிலிருந்து சொல்லுங்கள் என்றீர்கள். இதுதான் முதல். உங்கள் முகத்தைப் பார்த்தால் விளையாட்டு பார்க்கிற ஆளாகத் தெரியவில்லை. பரவாயில்லை. என் அபிப்பிராயங்கள் தெரியாமல் நான் செய்தது உங்களுக்கு விளங்காது. அதனால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் மெர்ல் டீக்மன். வயது அறுபத்து மூன்று. எல்டர்டனில் முப்பத்தைந்து வருடமாகக் கண் பரிசோதனை செய்கிறேன். பல்கலைக்கழக மைதானத்திலிருந்து நான்கு தெரு தள்ளி என் கடை. உள்ளூர் வானொலியில் தினமும் நான்கு மணிக்கு விளையாட்டுப் பேச்சு நிகழ்ச்சி வரும், கூப்பர் நடத்துகிறார். வாரத்துக்கு இரண்டு தடவையாவது நான் கூப்பிட்டுப் பேசுவேன். ஊரில் பாதிப் பேருக்கு என் குரல் தெரியும். என்னிடம் கண்ணாடி போட்டுக்கொள்ள வருகிறவர்கள் கண்ணைப் பற்றிக் கேட்பதைவிடச் சனிக்கிழமை ஆட்டத்தைப் பற்றித்தான் அதிகம் கேட்பார்கள்.

சனிக்கிழமை ஆட்டம் என்றால் கல்லூரி ஃபுட்பால். பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுகிற, ஹெல்மெட்டோடு மோதுகிற ஃபுட்பால். எங்கள் ஊரில் வேறு எதற்கும் அந்தப் பெயர் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை தொழில்முறைக்காரர்கள் ஆடுவதையும் பார்ப்பேன், பழக்கதோஷம். ஆனால் அது வேலை. அடிபட்டால் காப்பீடு, தோற்றால் வேறு ஊர். கல்லூரி ஆட்டம் அப்படி இல்லை என்றுதான் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

இப்போது அதையும் கெடுத்துவிட்டார்கள். கலிஃபோர்னியாக் கடற்கரையில் இருக்கிற கல்லூரி இந்தச் சோளக்காட்டுக்கு வந்து ஆடிவிட்டுப் போகிறது, அதற்குப் பெயர் வட்டாரப் போட்டி. ஆட்டக்காரர்கள் வருடா வருடம் கல்லூரி மாறுகிறார்கள். எந்த வகுப்பில் படிக்கிறான் என்று கேட்டால் அவனுக்கே தெரியாது. கடைசி ஆட்டம் வரும்போது, அடிபட்டால் தொழில்முறை அணியில் எடுக்க மாட்டார்கள் என்று முக்கால்வாசிப் பேர் உட்கார்ந்துவிடுகிறார்கள். உட்காருவதற்கு முன்னால் கைப்பேசியில் ஒரு அறிக்கை விடுவான். கடவுளுக்கு நன்றி, அம்மாவுக்கு நன்றி, ரசிகர்களுக்கு நன்றி. ரசிகர்கள் எப்போதும் மூன்றாவது.

ஜமோரி அப்படி வந்தவன்தான். லூசியானாக்காரன், இருபத்தொரு வயது. நான்கு வருடத்தில் எங்களுடையது மூன்றாவது கல்லூரி. பந்தை வாங்கிக்கொண்டு ஓடுவது அவன் வேலை. வந்த புதிதில் வானொலியில் அவனைப் பற்றி நான் சொன்னது உங்களிடம் பதிவாக இருக்கும். இவன் பெட்டியைப் பிரிக்காமலே வைத்திருப்பான், போகும்போது சிரமம் இருக்காது என்றேன். கூப்பர் வெகுநேரம் சிரித்தார்.

ஆனால் ஓடினான். அதை நான் மறுக்க மாட்டேன். செப்டம்பரில் ஓடினான், அக்டோபரில் இன்னும் நன்றாக ஓடினான். நவம்பரில் அக்கரைக்காரர்களோடு ஆட்டம். மிசூரி ஆற்றுக்கு அந்தப் பக்கத்துப் பல்கலைக்கழகத்தை நாங்கள் அப்படித்தான் சொல்வோம், பெயர் சொல்வதில்லை. பதினோரு வருடமாக அவர்களிடம் தோற்றுக்கொண்டிருந்தோம். என் மச்சான் கோர்டன் அக்கரையில் இருக்கிறான். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அந்த வருடத்து ஆட்டத்தின் புள்ளிக்கணக்கை மட்டும் எழுதி வாழ்த்து அட்டை அனுப்புவான். பதினோரு அட்டை. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எல்லாவற்றையும் ஒரு இழுப்பறையில் வைத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

ஆட்டத்துக்கு மூன்று நாள் முன்னால், புதன்கிழமை மத்தியானம், ஜமோரி என் கடைக்கு வந்தான். சாப்பாட்டு நேரம். வரவேற்பில் ஆர்லிஸ் மட்டும் சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். இருபத்தாறு வருடமாக என்னிடம் வேலை பார்க்கிறவள். அவளுக்கு ஃபுட்பால் பிடிக்காது, வாலிபால் பார்ப்பாள். பெண்கள் வாலிபாலுக்கு இந்த மாநிலமே கூடுகிறது, எனக்கென்னவோ அதில் மோதலே இல்லை. அதனால் வந்தவன் யார் என்று அவளுக்குத் தெரியவில்லை. சட்டையோடு சேர்ந்த தலைமூடியை முகம் மறைய இழுத்துவிட்டிருந்தான். வழக்கப்படி அவனை உட்காரவைத்து இரண்டு கண்ணின் உள்பக்கத்தையும் படம் எடுத்து என் அறைக்கு அனுப்பினாள்.

பக்கத்தில் பார்த்தபோது ஆச்சரியமாக இருந்தது. டிவியில் தெரிகிற அளவு உயரம் இல்லை. நாற்காலியில் உட்காரும்போது ஒரு கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"என்ன செய்யுது தம்பி?"

"எல்லாம் ரெண்டாத் தெரியுது சார். இடது பக்கம் பாத்தா ரொம்ப. ரெண்டு வாரமா பந்து ரெண்டா வருது."

"எந்தப் பந்தைப் பிடிக்கறே?"

"உள்ள இருக்கறதை. வெளிய இருக்கறது பொய்." சிரித்தான். நானும் சிரித்தேன். நல்ல பதில் என்று இப்போதும் நினைக்கிறேன்.

தலைவலி உண்டா என்று கேட்டேன். காலையில் எழுந்திருக்கும்போது இருக்கிறது, இரண்டு தடவை வாந்தி வந்தது என்றான். மூன்று வாரத்துக்கு முந்தைய ஆட்டத்தில் ஹெல்மெட்டோடு ஹெல்மெட் மோதியதிலிருந்து இப்படி இருக்கிறதாம். அந்த மோதல் எனக்கு ஞாபகம் இருந்தது. தூசியைத் தட்டிவிட்டு எழுந்து போனான். ஆளுக்கு நெஞ்சுரம் இருக்கிறது என்று அன்றைக்கு வானொலியில் பாராட்டினேன்.

"டீம் டாக்டர்கிட்ட சொன்னியா?"

"சொன்னா எழுதி வெச்சிருவாங்க சார். ஏப்ரல்ல என்னைத் தொழில்முறை டீமுக்கு எடுக்கப்போறவங்க முதல்ல அதைத்தான் படிப்பாங்க. அதான் உங்ககிட்ட வந்தேன். ஏதாவது இருந்தா சொல்லுங்க. இருந்தா நான் சனிக்கிழமை ஆட மாட்டேன். முழங்கால் வலின்னு சொல்லிட்டு உக்காந்துருவேன். எங்கம்மாவுக்கு வாக்குக் குடுத்திருக்கேன்."

இந்த இடத்தை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். முழங்கால் வலி என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவேன் என்றான். குரலில் ஒரு கூச்சமும் இல்லை. டென்வரில் கோட்டு போட்டு உட்கார்ந்திருந்தவனும் இப்படித்தான் யாரிடமோ சொல்லியிருப்பான். எழுபதாயிரம் பேர் ஒரு வருடமாகக் காத்திருக்கிற ஆட்டம். அதைவிட்டு ஒதுங்க இவனுக்கு ஒரு வார்த்தை போதுமாக இருந்தது.

விளக்கை அணைத்துவிட்டு அவன் கண்ணுக்குள் பார்த்தேன்.

மூளையிலிருந்து வருகிற நரம்பு கண்ணுக்குள் வந்து சேருகிற இடம் ஒரு சின்ன வட்டமாகத் தெரியும். விளிம்பு பென்சிலால் வரைந்த மாதிரி இருக்கும். அவனுக்கு விளிம்பு இல்லை. வட்டம் உப்பி, கலங்கி, ஓரத்தில் ரத்தக் கீற்றுகளோடு இருந்தது. இரண்டு கண்ணிலும் அப்படித்தான். மண்டைக்குள் அழுத்தம் ஏறினால்தான் அப்படி ஆகும். முதல் வருட மாணவனுக்கும் தெரிகிற விஷயம். பார்த்த உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும், ஆளை அவன் காரைக்கூட ஓட்ட விடக்கூடாது. முப்பத்தைந்து வருடத்தில் இதே மாதிரி நான்கு பேரைப் பார்த்திருக்கிறேன். நான்கு பேரையும் அனுப்பிவைத்தேன். அதில் ஒரு பள்ளி ஆசிரியை இன்னமும் ஈஸ்டருக்கு எனக்குக் கேக் செய்து கொண்டுவருகிறார்.

எனக்கு என்ன தோன்றியது என்று கேட்பீர்கள். படபடப்பெல்லாம் இல்லை. புதன், வியாழன், வெள்ளி என்று எண்ணினேன். மூன்று வாரம் தாங்கியவன் மூன்று நாள் தாங்க மாட்டானா என்று யோசித்தேன். இது ஒரு கணிப்பு. ஆட்டத்தைப் பற்றி என் கணிப்புகள் பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

விளக்கைப் போட்டேன்.

"கண்ணு காஞ்சு போயிருக்கு. இந்தச் சொட்டு மருந்தை நாலு வேளை விட்டுக்கோ."

"அவ்வளவுதானா சார்?"

"அவ்வளவுதான்."

"அப்ப ஆடலாமா?"

"அதை என்கிட்ட கேக்காதே. நான் கண் டாக்டர். கண்ணைப் பொறுத்தவரைக்கும் ஒண்ணும் இல்லை."

கவனியுங்கள், நான் ஆடச் சொல்லவில்லை. அவன் கேட்டபோதும் சொல்லவில்லை.

அவன் எழுந்து கதவு வரை போனான். அப்போது நான்தான் கூப்பிட்டேன். தலையைக் கொஞ்சம் இடது பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டு பார், இரண்டும் ஒன்றாகிவிடும் என்றேன். அங்கேயே நின்று செய்து பார்த்தான். சுவரில் இருந்த எழுத்துகளை வாய்விட்டுப் படித்தான். முகம் மலர்ந்துவிட்டது. "இதை யாருமே எனக்குச் சொல்லலையே சார்" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினான். அதுவும் ஒரு வைத்திய உதவிதான், யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

அவன் போனதும் ஆர்லிஸ் உள்ளே வந்து, படத்தில் ஏதோ வித்தியாசமாக இருந்ததே என்றாள். லென்ஸில் அழுக்கு என்றேன். குறிப்பேட்டில் கண் வறட்சி என்று எழுதினேன். படத்தை அழித்தேன். படம் எடுக்கிற இயந்திரம் தனக்கென்று ஒரு பிரதி வைத்துக்கொள்ளும் என்பது எனக்குத் தெரியாது. இந்த இயந்திரங்களை நான் எப்போதும் நம்பியதில்லை.

வியாழக்கிழமை நான்கு மணிக்கு வானொலிக்குக் கூப்பிட்டேன். ஜமோரி ஆட மாட்டான் என்று ஊரில் பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது. கூப்பருக்குக் கவலை. ஆடுவான், எழுதி வைத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

"உங்களுக்கு மட்டும் எப்படித் தெரியும் டாக்டரே? அவன் கண்ணுக்குள்ள போய்ப் பாத்தீங்களா?"

கூப்பர் விளையாட்டாகத்தான் கேட்டார். நான் சிரித்தேன், அவரும் சிரித்தார். என் தொழில் ரகசியம் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

சனிக்கிழமை நல்ல வெயில், நல்ல குளிர். மைதான வாசலில் காரை நிறுத்தி, எப்போதும் போல மாட்டிறைச்சி மிளகாய்க் குழம்பும் இலவங்கப்பட்டை ரொட்டியும் சாப்பிட்டோம். அக்கரைக்காரர்கள் நான்கைந்து பேர் எங்களைத் தாண்டிப் போகும்போது, "பன்னெண்டு எண்ணத் தெரியுமாடா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். படிப்பில்லாத கூட்டம்.

என் இருக்கை நாற்பது கெஜக் கோட்டுக்கு நேரே, இருபதாவது வரிசை. ஜமோரி உள்ளே வந்தான். முதல் பந்து அவனுக்குத்தான். பந்து கைக்கு வருவதற்கு முன் தலையை இடது பக்கமாகத் திருப்பினான். கொஞ்சம்தான், நான் சொன்ன அளவு. எழுபதாயிரம் பேரில் அது ஏன் என்று தெரிந்தவன் நான் ஒருவன். அந்த மாதிரி ஒரு நெருக்கத்தை நான் எந்த ஆட்டத்திலும் உணர்ந்ததில்லை. அவன் ஒவ்வொரு தடவை தலையைத் திருப்பும்போதும் நானும் திருப்பியிருக்கிறேன். பக்கத்து இருக்கைக்காரர் கழுத்து பிடித்துக்கொண்டதா என்று கேட்டார்.

நூற்று அறுபத்தெட்டு கெஜம் ஓடினான். இரண்டு தடவை எல்லைக்கோட்டைத் தாண்டினான். இரண்டாவது, மூன்றாம் பாகத்தில். நாற்பத்தொரு கெஜ ஓட்டம். கோட்டுக்கு அருகில் ஒருத்தன் பக்கவாட்டில் வந்து மோதினான், அப்படியொன்றும் பலமான மோதல் இல்லை. ஜமோரி எழுந்தான். பந்தை நடுவரிடம் மரியாதையாகக் கொடுத்தான். எங்கள் பெஞ்சைப் பார்த்து நான்கு எட்டு வைத்தான். பிறகு எதையோ மறந்துவிட்டவன் போல நின்று, மெதுவாகப் புல்லில் உட்கார்ந்தான்.

மைதானம் அமைதியாகிவிட்டது. வண்டி வந்து அவனை ஏற்றிக்கொண்டு போவதற்குப் பதினாறு நிமிடம் ஆனது. அதற்குப் பிறகு எங்கள் பையன்கள் சரியாக ஆடவில்லை, அழுதுகொண்டே ஆடினார்கள். இருந்தாலும் வென்றோம். முப்பத்தொன்றுக்குப் பதினான்கு.

செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில் இறந்தான். மண்டைக்குள் பழைய ரத்தம் தேங்கியிருந்ததாம், அதன் மேல் புதிது சேர்ந்துவிட்டதாம். அன்று மாலை வானொலியில் மௌன அஞ்சலி. நான் கூப்பிட்டு இரண்டு நிமிடம் பேசினேன். பெட்டியைப் பிரித்து வைத்த பையன் என்று சொன்னேன். நிறையப் பேர் அழுததாகச் சொன்னார்கள். வியாழக்கிழமை நன்றி தெரிவிக்கும் நாள். வான்கோழி சாப்பிட்டுவிட்டுத் தொழில்முறை ஆட்டம் மூன்றையும் பார்த்தேன். ஒன்றும் தேறவில்லை.

அதற்கடுத்த திங்கட்கிழமை அவனுடைய அம்மா கடைக்கு வந்தார். அவன் சட்டைப் பையில் என் சொட்டு மருந்தும் கடை அட்டையும் இருந்திருக்கிறது. உயரமான பெண்மணி, ஏதோ ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலையாம். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"எம்புள்ள எதுக்கு இங்க வந்தான் டாக்டர்?"

"கண்ணு உறுத்துதுன்னு வந்தாம்மா. பாத்தேன், ஒண்ணும் இல்லை. மருந்து குடுத்தேன்."

"தலைவலின்னு ஏதாவது சொன்னானா?"

"சொல்லலையேம்மா."

சுவரில் இருந்த எழுத்துகளைப் பார்த்தார். "பயந்து போயிருந்தானா?" என்றார்.

"இல்லம்மா. சிரிச்சுக்கிட்டுத்தான் போனான்."

அது உண்மை. அவர் என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார். அவன் கடைசி வாரத்தில் அவனிடம் அன்பாக நடந்துகொண்டவர்களையெல்லாம் தேடிப் போய்ப் பார்த்துக்கொண்டிருக்கிறாராம். நான் அவரிடம் நூற்று அறுபத்தெட்டு கெஜம் என்று சொன்னேன். அவர் அதைக் கேட்கவில்லை, நானாகச் சொன்னேன். என்னவென்று புரியாத மாதிரி பார்த்தார். சில குடும்பங்களில் பிள்ளை ஆடுவான், வீட்டில் ஒருவருக்கும் ஆட்டம் தெரியாது.

அவர் போன பிறகுதான் ஆர்லிஸ் எழுந்து என் அறை வாசலுக்கு வந்தாள்.

"அந்தப் படம் எங்க டாக்டர்?"

"மங்கலா வந்திருந்தது. அழிச்சிட்டேன்."

"மங்கலா வரலை. இருபத்தாறு வருஷமா நான் எடுக்கறேன். அந்தம்மா உங்க கையைப் பிடிச்சுக்கிட்டு நின்னாங்க, நீங்க கெஜக் கணக்கு சொல்றீங்க."

இவளிடம் என்ன சொல்வது. வாலிபால் பார்க்கிறவள். கைப்பையை எடுத்துக்கொண்டு போனவள் திரும்பி வரவில்லை. அன்றைக்கே உரிமம் கொடுக்கிற வாரியத்துக்கு எழுதிவிட்டாள் என்று நீங்கள் வந்த பிறகுதான் தெரிந்தது.

சரி. நேரடியாகக் கேட்டீர்கள், நேரடியாகவே சொல்கிறேன். நான் பார்த்தேன். என்னவென்று எனக்குத் தெரிந்தது. அவன் செத்துப் போகக்கூடும் என்றும் தெரிந்தது. சொன்னால் அவன் ஆட மாட்டான் என்று அவனே சொன்னான், அதனால் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை அவனைக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாம் என்று அவன் எண்ணை ஒரு சீட்டில் எழுதி மேசைமேல் வைத்திருந்தேன். அதை நீங்கள் எழுதிக்கொள்ளவில்லை. எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பதினேழு புள்ளி முன்னால் இருக்கிற அணி, மூன்றாம் பாகத்தில் தன்னுடைய சிறந்த ஆட்டக்காரனிடம் பந்தைக் கொடுக்க வேண்டிய அவசியம் என்ன? அந்தப் பயிற்சியாளருக்கு மூளை இல்லை என்று நான் மூன்று வருடமாகச் சொல்லிவருகிறேன். அவரை யாராவது கூப்பிட்டு விசாரித்தீர்களா என்று தெரியவில்லை.

காகிதத்தைக் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அதற்கு முன் உங்களிடம் ஒன்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். விதிமீறல் நடந்தது என்று தெரிந்தால், ஆடி முடித்து வருடக்கணக்கான பிறகும் ஒரு கல்லூரியின் வெற்றிகளை ஏட்டிலிருந்து அடித்துவிடுவார்கள். நான் அணியைச் சேர்ந்தவன் இல்லை. நான் வெறும் ரசிகன். நான் இதில் கையெழுத்துப் போட்டால், அந்தச் சனிக்கிழமை வெற்றி செல்லுமா, செல்லாதா?